மச்சான் என்று கூப்பிட்டது புஸ்பம்தான்

புஸ்பம் யாரை, எதைக் கண்டாலும் ஒரு பெயர் வைத்துவிடுவாள். வைத்த பெயர் ஒட்டிக்கொள்ளும். வாவிக்கு மேலே தாழப் பறந்து வந்து கூரைக் கிடுகுகளைக் கிளப்பிவிட்டுப் போகும் ஹெலிகொப்டருக்கு அவள் வைத்த பெயர் சின்னமாமி. சொல்லாமல் கொள்ளாமல் வரும், ஊரையே இரைச்சலாக்கும், போனபிறகு சிதறியதைப் பொறுக்கி அடுக்க அரைநாள் பிடிக்கும். கொஞ்ச நாளில் கோயில் நிர்வாகம் பார்க்கும் வண்ணக்கர் கனகசிங்கம்கூட, சின்னமாமி வருகிறாள், உள்ளே ஓடுங்கள் என்று பிள்ளைகளை விரட்டத் தொடங்கினார். புஸ்பத்தின் சொந்தச் சின்னமாமி அதற்குப்பிறகு வெகுகாலம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்படிப்பட்ட வாயால்தான், தொண்ணூற்றிரண்டாம் ஆண்டின் ஒரு மத்தியானம், சாமித்தம்பியைப் பார்த்து அவள் 'மச்சான்' என்றாள். கூடி நின்ற சனம் சிரித்தது. அடுத்த நாள் ஊரே அவனை அந்த முறையில் வைத்துப் பார்த்தது.

ஊர் வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையில், காத்தான்குடிக்குத் தெற்கே இருக்கிறது. அங்குள்ளவர்கள் வாவியை ஆறு என்றுதான் சொல்வார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் படுவான்கரை; வயல், மாடு, கொக்கட்டிச்சோலைக் கோயில். சண்டை தொடங்கியபிறகு இந்தக் கரை இராணுவத்தின் பிடியிலும் அந்தக் கரை போராளி இயக்கத்தின் பிடியிலும் போயிற்று. வீடுவளவு மட்டும் எப்போதும்போலப் பெண்களின் பிடியில் இருந்தது. தாயின் வளவு மகள்களுக்குப் போகும். கலியாணம் முடித்தவன் மனைவியின் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். புஸ்பமும் அவளுடைய அக்கா இலட்சுமிப்பிள்ளையும் தாயின் வளவை இரண்டாகப் பிரித்துக்கொண்டு, ஒரே கிணற்றில் அள்ளிக் குடித்து வாழ்ந்தார்கள். இடையில் ஒரு வேலி, வேலியில் ஆள் நுழைய ஒரு கடப்பு.

தாய் செத்தபோது புஸ்பம் சின்னப் பிள்ளை. தலை வாரி இழுத்ததும் பள்ளிக்கு விட்டதும் சீனித்தம்பிக்குக் கட்டிக் கொடுத்ததும் அக்காதான். அக்காவின் கணவனைத் தொண்ணூறாம் ஆண்டு ஆமிக்காரர் ஏற்றிக்கொண்டு போனார்கள். அக்கா எல்லா இராணுவக் காம்புக்கும் போனாள். கணவன் கிடைக்கவில்லை, ஆனால் ஆமிக்காரன் முன்னால் நடுங்காமல் நிற்கப் பழகிவிட்டாள். தகப்பன் பொலன்னறுவைப் பக்கம் மரக்கறிக் கடை வைத்திருந்த காலத்தில் கற்ற சிங்களம் அவளுக்குக் கைகொடுத்தது. சுற்றிவளைப்பில் பொடியன்களைப் பிடித்துப் பள்ளிக்கூட மைதானத்தில் இருத்தினால், தாய்மார் இலட்சுமிப்பிள்ளையின் கடப்படிக்குத்தான் ஓடி வருவார்கள். அவள் சேலையை மாற்றிக்கொண்டு புறப்படுவாள். இவன் என் தம்பி, இவன் என் பெறாமகன் என்று அதிகாரியிடம் சொல்லி ஒவ்வொருவராக மீட்டுக்கொண்டு வருவாள். ஊரில் அவளுக்குக் கிடைத்த மரியாதை வேறு யாருக்கும் கிடைக்கவில்லை. புஸ்பத்துக்கு அதில் பெருமை சொல்லி முடியாது.

சாமித்தம்பி படுவான்கரைப் பொடியன். வயது இருபத்துநான்கு. ஷெல் விழுந்து ஊர் கலைந்தபோது தாய் ஒரு பக்கமும் அவன் ஒரு பக்கமுமாகச் சிதறி, அவன் இந்தக் கரையில் வந்து ஏறினான். இலட்சுமிப்பிள்ளைக்கு வலை வீச ஆள் தேவைப்பட்டது. ஆற்றில் இறால் பிடித்துக் காத்தான்குடி வியாபாரி ஹமீட்டுக்குக் கொடுக்கும் தொழில் அவளுடையது. அவனுக்கோ, இன்னாருடைய வீட்டு ஆள் என்று சொல்ல ஒரு வீடு தேவைப்பட்டது. வெளியூர்ப் பொடியனுக்கு அந்தக் காலத்தில் அது சோற்றைவிடப் பெரிய தேவை. வளவின் பின்பக்கத்து வாடிக் குடிசையில் படுத்துக்கொண்டு, அதிகம் பேசாமல் வேலை செய்தான்.

அவன் வந்து முதல் சுற்றிவளைப்பில் அவனையும் மைதானத்தில் இருத்தினார்கள். இலட்சுமிப்பிள்ளை போனாள். அதிகாரி அவளைப் பார்த்துச் சிரித்து, உனக்கு எத்தனை தம்பிமார் என்று கேட்டான். அவள் யோசிக்காமல், இவன் தம்பி இல்லை, என் புருசன் என்றாள். அதிகாரி நம்பினானோ இல்லையோ, பொடியனை விட்டுவிட்டு, உண்மையா என்று பார்க்க மத்தியானம் இரண்டு சிப்பாய்களை வீட்டுக்கு அனுப்பினான்.

இங்கேதான் அந்தப் பகுதியாருக்கு மட்டுமே வரக்கூடிய ஒரு பிழை நடந்தது. மேளமும் தாலியும் இல்லாத எளிய கலியாணத்துக்கு அங்கே ஒரு வழக்கம் உண்டு. பெண் தன் வீட்டில் கலத்தில் சோறு போட்டுக் கொடுக்க, ஆண் நாலு பேர் பார்க்க உண்டால் அவர்கள் குடும்பம். விதவைகளும் விட்டுப் பிரிந்தவர்களும் அப்படித்தான் மறுபடி சேர்வார்கள். சிப்பாய்கள் வந்து நின்றபோது இலட்சுமிப்பிள்ளை தாயின் பித்தளை வட்டிலை எடுத்துச் சோறு போட்டாள். வேலிக்கு அந்தப்பக்கம் சனம் கூடியது. சாமித்தம்பி தலையைக் குனிந்தபடி தின்றான். சிப்பாய்களுக்குக் காட்டிய கூத்து அது. ஆனால் பார்த்த சனத்தின் கண்ணுக்குக் கலியாணம் கலியாணம்தான். அந்த நேரத்தில்தான் புஸ்பம் கடப்பில் சாய்ந்து நின்று, "மச்சான், கறிக்கு உப்புக் காணுமா?" என்று கேட்டாள்.

அதன்பிறகு சாமித்தம்பி வாடியில் படுக்கவில்லை. அக்காவின் வீட்டுக்குள் போனான். காணாமல்போன அத்தானின் சாரத்தை அவன் உடுத்திருப்பதைப் புஸ்பம் கண்டாள். அக்காவின் தனிமை தீர்ந்தது என்று மனதுக்குள் அம்மனுக்கு நன்றி சொன்னாள். வயது வித்தியாசத்தைப் பற்றிச் சிலர் வாய்க்குள் முணுமுணுத்தபோது அவர்களோடு சண்டைக்கும் போனாள்.

அவன் மெலிந்தான். விடிந்ததும் கிணற்றடியில் நின்று வாளி வாளியாக அள்ளி ஊற்றிக்கொண்டே இருப்பான். புதுமாப்பிள்ளைக்குக் குளிப்பு முடிய மாட்டேன் என்கிறது என்று புஸ்பம் கேலி செய்தாள். பல நாட்களில் தோணியை ஆற்றுக்குள் தள்ளி, அதற்குள்ளேயே சுருண்டு படுத்தான். ஆண்கள் அவனைப் பார்த்துக் கண்ணடித்தார்கள். இருக்க வீடு, தின்னச் சோறு, ஆமிக்குப் பயமில்லை; இன்னும் என்ன வேண்டும் என்றார்கள். அவன் சிரிப்பதுபோல ஒன்றைச் செய்வான்.

தைப்பொங்கல் கழிந்து ஒரு காலைநேரம். அக்கா காத்தான்குடிக்கு இறால் கொண்டு போயிருந்தாள். புஸ்பம் கிணற்றடியில் கிடுகு பின்ன ஓலை நனைத்துக்கொண்டிருந்தாள். சாமித்தம்பி வந்து வேலி ஓரமாக நின்றான்.

"என்ன மச்சான், அக்கா இல்லாம பொழுது போகல்லையா?"

"அப்பிடிக் கூப்பிடாதீங்க அக்கா."

"ஏன், கோவமா?"

அவன் வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டான். "நான் சம்மதிச்சு அந்தச் சோத்தைத் தின்னல்ல. ஆமிக்காரனுக்குக் காட்டத்தான் எண்டு சொன்னா. தின்டன். அண்டைக்கே உள்ள வரச் சொன்னா. ஏலாதெண்டன். அப்ப நாளைக்குக் காம்புக்குப் போய் இவன ஆரெண்டே எனக்குத் தெரியா எண்டு சொல்லுவனெண்டா."

புஸ்பம் ஓலையைக் கீழே வைத்தாள். வாய்க்கு முதலில் வந்ததைக் கேட்டாள்: "நீ ஆம்பிளைதானேடா?"

"ஓம். அதாலதான் ஒருத்தருக்கும் சொல்லேலாமக் கிடக்கு."

மிச்சத்தை அவன் விட்டு விட்டுச் சொன்னான். ஒவ்வொரு தடவையும் ஏலாது என்று சொல்லிப் பார்த்தான். பிறகு சொல்வதை விட்டுவிட்டான். சொல்லாமல் இருந்தால் விரைவில் முடிந்துவிடும் என்று பழகிக்கொண்டான். தன் உடம்பு தன் சொல் கேட்காமல் போனதுதான் அவனுக்குப் பெரிய வெட்கம். அதனாலேயே தான் பொய்யனோ என்று தன்னைத்தானே சந்தேகித்தான். எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒன்று சொன்னான். வந்த புதிதில் அக்கா அவனுடைய தாயின் குடியைக் கேட்டாளாம். அவன் சொன்னானாம். அது அக்காவின் குடியேதான்.

"நீங்க ரெண்டு பேரும் எனக்கு அக்கா முறையெண்டு அண்டைக்குச் சந்தோசப்பட்டன். சோறு போட்ட அண்டைக்கு அத ஞாபகப்படுத்தினன். வாயப் பொத்தெண்டா. இஞ்ச ஒருத்தரும் கேக்கல்ல, நீயாச் சொல்லாதயெண்டா."

குடி என்பது தாய்வழி வரும் குலம். ஒரே குடியில் பிறந்தவர்கள் எந்த ஊரில் இருந்தாலும் உடன்பிறப்புகள். கலியாணப் பேச்சில் முதலில் கேட்பதே குடியைத்தான். ஆமிக்குக் காட்டிய கூத்து என்பதால் அன்று ஒருவரும் அதைக் கேட்கவில்லை. கூத்து கலியாணமாகியபோது கேட்க வேண்டும் என்றும் ஒருவருக்கும் தோன்றவில்லை. மச்சான் என்று முறை சொல்லி அதை மூடி வைத்தவள் புஸ்பம்.

"நான் இப்ப உனக்கு என்ன செய்யோணும் தம்பி?" என்று கேட்டாள்.

"அடுத்த சுத்திவளைப்பில என்ன ஆராவது தங்கட ஆளெண்டு சொல்லோணும். வேற ஒண்டும் வேணாம்."

சீனித்தம்பி ஆற்றிலிருந்து வந்ததும் அவனிடம் சொன்னாள். அவன் முதலில் சிரித்தான். பெண்சாதியின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். வலையை உதறிக் காயப்போட்டுவிட்டு வெகுநேரம் கழித்து வந்து, "தோணிக்க படுக்கிறானே, பேய்க்குப் பயமாடா எண்டு ஒருநாள் கேட்டன்" என்றான். "ஓமெண்டான். நான் ஆத்துப் பேயெண்டு நினைச்சன்."

அடுத்த நாள் காலை புஸ்பம் கடப்பைத் தாண்டிப் போனாள். அக்கா முற்றத்தில் பாயை விரித்து இறால் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அவன் எனக்கு எல்லாம் சொன்னான் அக்கா."

"என்னத்த?"

"சம்மதமில்லாமத்தான் எல்லாம் நடந்ததெண்டு."

இலட்சுமிப்பிள்ளை தலை நிமிராமலே சிரித்தாள். "ஆம்பிளைக்குச் சம்மதமில்லாம நடக்குமா புள்ள? நீயும் பிள்ளை பெத்தவதானே."

தான் கிணற்றடியில் கேட்ட கேள்வி அக்காவின் வாயிலிருந்து திரும்பி வந்தபோது புஸ்பத்துக்குக் கூசியது.

"காம்புக்குச் சொல்லுவனெண்டு வெருட்டினீங்களா?"

"வெருட்டினதா? ஒரு பேச்சுக்குச் சொன்னன். நான் அப்பிடிச் செய்யிற ஆளா?"

"செய்ய மாட்டீங்களெண்டு அவனுக்குத் தெரியுமா?"

அக்கா வேறு பலவற்றைச் சொன்னாள். அவனுக்கு வாங்கிக் கொடுத்த சட்டையைச் சொன்னாள். காய்ச்சலில் கிடந்தபோது பத்துப்போட்டதைச் சொன்னாள். நல்ல மீன்துண்டு எப்போதும் அவன் கோப்பைக்குத்தான் என்றாள். அவன் பேசாமல் இருப்பான், அவளுடைய மனிசனும் அப்படிப் பேசாத ஆள்தான் என்றாள். பிடிக்காதவன் என்றால் ஓடியிருப்பானே என்றாள். புஸ்பம் கேட்டுக்கொண்டே இருந்தாள். தான் கொடுத்தது எல்லாம் அக்காவுக்கு நினைவிருந்தது. அவன் வாயால் ஒன்று கேட்டதாக அவளால் சொல்ல முடியவில்லை. அவன் மௌனத்தை வெட்கம் என்றாள், அழுகையை நன்றி என்றாள், சுவரைப் பார்த்துப் படுப்பதைப் பழக்கம் என்றாள். ஒவ்வொன்றுக்கும் தனக்கு வேண்டிய பொருளை அவளே வைத்திருந்தாள். அவள் பொய் சொல்லவில்லை, முழுமனதோடு நம்புகிறாள் என்று கண்டபோதுதான் புஸ்பத்துக்குப் பயம் வந்தது.

"எங்க ஓடுறது அக்கா? ரோட்டில ஆமி, ஆத்துக்கு அங்கால மற்றவங்கள்."

"என்ட மனிசன எடுத்தாங்களே, ஆரும் என்னக் கேட்டாங்களா?" அக்காவின் குரல் முதல்தடவையாக உடைந்தது. "ஒண்ட எடுத்தாங்கள். நான் ஒண்டத் திருப்பி எடுத்தன். அதில ஆருக்கு என்ன நட்டம்?"

"நீங்க எடுத்தது ஆமிக்காரன்ட இருந்து இல்லக்கா."

இலட்சுமிப்பிள்ளை எழுந்தாள். கையிலிருந்த ஈரத்தைச் சேலையில் துடைத்தாள். தாடையைச் சற்றே உயர்த்தி, கண்ணைத் தாழ்த்தி, "கூட்டிற்றுப் போ" என்றாள். "அடுத்த சுத்திவளைப்பில பாப்பம்."

அந்தத் தாடையைப் புஸ்பம் வேறொரு முகத்தில் பார்த்திருக்கிறாள். மைதானத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து, எவனை விடுவது எவனை ஏற்றுவது என்று காட்டும் அதிகாரியின் தாடை அது. எத்தனையோ தரம் அதற்கு முன்னால் கும்பிட்டு நின்ற அக்கா, எப்போது அதைத் தன் முகத்தில் எடுத்து வைத்துக்கொண்டாளோ தெரியவில்லை. கணவனைப் பறிகொடுத்த பெண்கள் ஊரில் எத்தனையோ பேர் இருந்தார்கள். அவர்கள் எல்லாரும் இப்படிச் செய்யவில்லை. அது புஸ்பத்துக்குத் தெரியும். ஆனால் அவர்களில் ஒருத்தியின் கையிலும் ஒரு பொடியனின் உயிர் இருக்கவில்லை.

சாமித்தம்பி அன்றே புஸ்பத்தின் வளவுக்கு வந்தான். வந்தால் மட்டும் போதாது. ஊர் கண்ணில் அவன் இலட்சுமிப்பிள்ளையின் புருசன். மச்சினியின் வீட்டில் படுப்பவன் என்று கதை கிளம்ப ஒரு நாள் போதும். மைதானத்தில் இவன் எங்கள் ஆள் என்று புஸ்பம் எழும்பினால், ஊரே அவளைப் பொய்க்காரி என்னும். ஆகவே வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும் அவள் அவனையும் கூட்டிக்கொண்டு கண்ணகை அம்மன் கோயிலுக்குப் போய் வண்ணக்கரிடம் வழக்கு வைத்தாள். கோயில் வெளியில் நாலைந்து பெரியவர்கள் இருந்தார்கள். அக்காவையும் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவள் வந்து தூணோரம் நின்றாள்.

புஸ்பம் முதலில் உள்ளதை உள்ளபடி சொன்னாள். பொடியனுக்குச் சம்மதமில்லை, பயத்தைக் காட்டித்தான் எல்லாம் நடந்தது என்றாள். பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, நமக்கெல்லாம் அப்படி ஒரு வில்லங்கம் வந்து சேரவில்லையே என்றார். சிரிப்பு எழுந்தது. சாமித்தம்பி நிலத்தைப் பார்த்தான். புஸ்பத்துக்கு அந்த மனிதருக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும்போல இருந்தது, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பிறகு குடியைச் சொன்னாள். சிரிப்பு நின்றது.

வண்ணக்கர் தாயின் குடியையும் தாயின் தாய் ஊரையும் கேட்டார். சாமித்தம்பி சொன்னான். படுவான்கரையில் அந்தக் குடும்பத்தை அறிந்த ஒருவர் ஓம் என்று தலையாட்டினார். வண்ணக்கர் தூண் பக்கம் திரும்பினார்.

"இவன் இத உனக்குச் சொன்னானா புள்ள?"

அக்கா இல்லையென்று சொல்லியிருக்கலாம். ஊரில் அவள் சொல்லுக்கு எதிர்ச்சொல் கிடையாது. "சொன்னான்" என்றாள். "நான்தான் சொல்லாத எண்டன்."

தீர்ப்பு சுருக்கமாக முடிந்தது. உடன்பிறப்பு முறையுள்ளவன் தின்ற சோறு வெறும் சோறு. அதில் கலியாணம் இல்லை. அவன் இரண்டு பெண்களுக்கும் தம்பி. இனிப் புஸ்பத்தின் வளவில் இருப்பான். இலட்சுமிப்பிள்ளை அம்மனுக்குக் குற்றப்பணம் கட்ட வேண்டும். சற்றுமுன் சிரித்தவர்களே இப்போது தூணோரம் நின்றவளைப் பார்த்து முகம் சுளித்தார்கள்.

கலைந்து போகும்போது வண்ணக்கர் புஸ்பத்தின் பின்னால் வந்து தொண்டையைச் செருமினார். "முதல் சொன்னியே, மற்றக் கதை. அதுவும் நடந்ததா?"

"அதுதான் வண்ணக்கர் நடந்தது. குடி பிறகு."

"நம்மட்ட அதுக்கொரு தீர்ப்பு இல்ல புள்ள" என்று சொல்லிவிட்டு அவர் கோயிலுக்குள் போனார்.

ஊர் தீர்த்தாலும் ஆமிக்கு அந்தத் தீர்ப்புத் தெரியாது. அதிகாரிக்கு அவன் ஒருத்தியின் புருசன். அந்த ஒருத்தி கைவிட்டால் அவன் வந்தான் வரத்தான், லொறியில் ஏற்றிவிடுவார்கள். புஸ்பம் கிடுகு பின்னும்போதெல்லாம் அதையே நினைத்தாள். வேலியின் கடப்பை அக்கா ஓலை வைத்து மறைத்துக் கட்டிவிட்டாள். கிணற்றடியில் ஒருத்தி வந்தால் மற்றவள் போய்விடுவாள்.

மாசிமாதம் சுற்றிவளைத்தார்கள். விடியும்போதே ஒலிபெருக்கி கத்தியது. ஆண்கள் எல்லாரும் மைதானத்தில் வரிசையாகக் குந்தினார்கள். ஆளைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டி சாக்கு முகமூடி போட்டுக்கொண்டு ஜீப்புக்குள் இருந்தான். வெளியூர்க்காரரைத் தனியே பிரித்தார்கள். சாமித்தம்பி அந்த வரிசையில் மூன்றாவது ஆளாகக் குந்தியிருந்தான். புஸ்பம் பெண்கள் பக்கம் நின்று திரும்பிப் பார்த்தாள். அக்கா வந்திருந்தாள். வழக்கமான சேலை, வழக்கமான நடை. பார்வை மட்டும் ஒருவர் மேலும் நிற்கவில்லை.

சாமித்தம்பியின் முறை வந்ததும் புஸ்பம் போய் அவன் கையைப் பிடித்தாள். அவளுக்குத் தெரிந்த சிங்களம் இரண்டு சொல். "மகே மல்லி" என்றாள். என் தம்பி.

அதிகாரி அவனை அடையாளம் கண்டு பலத்துச் சிரித்தான். சிப்பாய்களிடம் ஏதோ சொன்னான், அவர்களும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பில்லாமல் புஸ்பத்தைப் பார்த்தான். தாடையை உயர்த்தி அக்காவைக் கூப்பிட்டான். புஸ்பம் பொடியனின் கையை விடவில்லை. அவன் நாடி துடிப்பது அவள் விரலில் தட்டியது.

இலட்சுமிப்பிள்ளை நடந்து வந்து கதிரைக்கு முன்னால் நின்றாள். சாமித்தம்பியைப் பார்க்கவில்லை. அதிகாரியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், வெகுநேரம், முதன்முதலாக அந்த முகத்தைப் பார்ப்பவள்போல. பிறகு பேசினாள். புஸ்பத்துக்கு அதில் மல்லி என்ற சொல் மட்டும் விளங்கியது. அதிகாரி எழுந்து நின்று சத்தம் போட்டான். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அவன் இன்னும் கொஞ்சம் கத்திவிட்டு, சாமித்தம்பியைக் காட்டிக் கையை வீசினான். போ என்று அர்த்தம்.

புஸ்பம் அவனை இழுத்துக்கொண்டு நடந்தாள். மைதானத்து வாசலைத் தாண்டிப் பூவரச மரத்தடிக்கு வந்ததும் நிலத்தில் இருந்துவிட்டாள். சாமித்தம்பி பக்கத்தில் இருந்து அழுதான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே அவன் முதுகைத் தட்டினாள். வருசக்கணக்காக மூட்டைக்குள் கட்டிவைத்திருந்த மூச்சை அவிழ்த்து விட்டதுபோல இருந்தது.

அக்கா என்ன சொன்னாள் என்பதை வண்ணக்கர்தான் பிறகு சொன்னார்; அவருக்குச் சிங்களம் விளங்கும். முன்பு நான் சொன்னது பொய், இவன் என் தம்பிதான், என்னை நம்ப முடியாது என்றால் இனி நம்ப வேண்டாம், இவனை விடுங்கள் என்றாளாம். இனி எவனையும் மீட்க இந்தப் பக்கம் வந்து நிற்காதே என்று அதிகாரி சொன்னானாம்.

அதோடு அந்த வேலை அவள் கையை விட்டுப் போயிற்று. அடுத்த சுற்றிவளைப்புகளுக்குப் பெண்கள் கூட்டமாகப் போனார்கள். ஒருத்திக்கு இரண்டு சொல் தெரியும், இன்னொருத்திக்கு நாலு. புஸ்பம் முன்னால் நின்றாள். அப்படி மீண்டு வந்த பொடியன் யாருக்குக் கடமைப்பட்டவன் என்று கேட்டால், எல்லாருக்கும் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. எவளும் தனியாக ஒரு உயிரைக் கையில் வைத்திருக்கவில்லை. அது நல்லது என்று புஸ்பம் நினைத்தாள். அக்காவுக்கு வலை வீச இனி வயது போன ஆள்தான் நிற்பார் என்றும் அவளே சொல்லி, அவளே ஆளையும் பார்த்துக் கொடுத்தாள். அக்கா மறுக்கவில்லை.

அக்கா ஏன் அன்று அப்படிச் சொன்னாள் என்று புஸ்பத்துக்கு இன்றும் சரியாகத் தெரியாது. ஊர் பழித்ததாலா, அம்மனுக்குப் பயந்தா, அல்லது அந்த அதிகாரியின் முகத்தில் எதையாவது கண்டுகொண்டா? கேட்கவில்லை. கேட்டால் அக்கா அதற்கும் ஒரு பொருள் வைத்துவிடுவாள் என்று தோன்றியது. ஒருநாள் கிணற்றடியில் அக்காவே வாயைத் திறந்து, அவன் நல்லா இருக்கானா என்று கேட்டாள்.

"அதக் கேக்கிற ஆள் நீங்க இல்லக்கா" என்றாள் புஸ்பம்.

அக்கா வாளியை எடுத்துக்கொண்டு போனாள். கொஞ்சநேரத்தில் புஸ்பம் அவளுடைய குடத்தையும் நிரப்பி வேலியோரம் வைத்துவிட்டு வந்தாள். தலை இழுத்துவிட்ட கை அது. செய்ததையும் மறக்க முடியாது, வளர்த்ததையும் மறக்க முடியாது.

மழைக்கு முன்னால், வயல் விதைக்கப் போகிறவர்களைப் பகலில் அக்கரைக்கு விடத் தொடங்கினார்கள். தாய் ஊருக்குத் திரும்பிவிட்டாள் என்றும், வயல்வட்டையில் உழவு தொடங்கிவிட்டது என்றும் சாமித்தம்பிக்குச் செய்தி வந்தது. சீனித்தம்பி தோணியை இறக்கினான். புஸ்பமும் ஏறிக்கொண்டாள். நடுவாவி வந்ததும் சாமித்தம்பி பேசத் தொடங்கினான். தங்கள் வட்டையில் ஒரு எருமை இருந்ததாம். உழவுக்குக் கட்டினால் படுத்துவிடுமாம், கோயில் மேளம் கேட்டால் எழும்பி நடக்குமாம். தகப்பன் ஒருநாள் பொறுக்க முடியாமல் மேளகாரரையே வரம்பில் கொண்டுவந்து இருத்தினாராம்.

"மறுகா என்ன நடந்தது?" என்றான் சீனித்தம்பி.

"மறுகா என்ன, மேளகாரர் களைச்சுப் போய்ப் படுத்திற்றார். எருமை தன்ட பாட்டில கோயிலுக்குப் போயிற்று."

சீனித்தம்பி சிரித்த சிரிப்பில் தோணி ஆடியது. சாமித்தம்பி விடவில்லை, எருமையை முடித்துவிட்டு யானையைத் தொடங்கினான், யானையை முடித்துவிட்டுப் பெரியப்பாவின் சைக்கிளுக்கு வந்தான். இத்தனை கதையையும் இவன் எங்கே வைத்திருந்தான் என்று புஸ்பம் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டு வந்தாள்.

அக்கரையில் தோணி தட்டியது. அவன் பையைத் தலையில் வைத்துக்கொண்டு, போய்ட்டு வாறன் அக்கா என்று சொல்லி இறங்கினான். சேற்றில் கால் புதையப் புதைய ஏறி, வரம்பைப் பிடித்து நடந்தான். நடை வேகமாகியது, கொஞ்சத்தூரம் போனதும் ஓடினான். ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் திரும்பிப் பார்க்காமல் போனது புஸ்பத்துக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது.